சாயத் தண்ணி

நாலு பேர் தோளில் தூக்கிவந்து புல்லில் போட்டு உருட்டிவிட்டார்கள். அது விரிந்துகொண்டே போய் ரோசாப் பாத்தியின் ஓரத்தில் நின்றது. அதுவரைக்கும் அந்தச் சரிவில் சிவப்பு என்று சொல்ல, பாத்தியில் நாலைந்து பூவும், கீழே லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் முகப்பில் உரிந்துபோன சாயமும், மலையில் கொழுந்தெடுக்கிறவர்களில் ஒருத்தி தலையில் கட்டியிருந்த துணியும்தான் இருந்தன. இப்போது பன்னிரண்டடி நீளத்துக்கும் ஒன்பதடி அகலத்துக்கும் சுட்ட செங்கல் நிறம் புல்லின் மேல் கிடக்கிறது.

நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் ஒரு தோட்டத்துப் பெரிய பங்களா. துரைமார் குடியிருந்த வீடு. இப்போது உல்லாசப் பயணிகளுக்கு அறை விடுகிறார்கள். தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. விடியக் காலையில் பனி கொட்டும்; பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். கம்பளிச் சாமான்களைக் காயப் போட இந்த மேற்குச் சரிவுக்கு வருசத்தில் வாய்க்கிற காலம் இதுதான். வைகாசிக் கடைசியில் தென்மேற்குக் காற்று மழையைக் கொண்டுவந்துவிட்டால், அப்புறம் அலுமாரிக்குள் வைத்த செருப்பிலும் பூஞ்சணம் பூக்கும். நான் விறாந்தையில் பிரம்பு நாற்காலியில் இருந்தேன். வேறு காரியமாக வந்தவன். பார்க்க வேண்டிய ஆள் ஸ்டோருக்குப் போயிருந்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

பாரசீகக் கம்பளம் என்றதும் நமக்கு நினைவில் வருவது வளைந்து நெளிகிற கொடிகள். இஸ்பஹான், காஷான் பட்டறைகளின் வேலை அப்படித்தான் இருக்கும். இது அந்த வகை இல்லை. ஈரானின் வடமேற்கில், தப்ரீஸ் பட்டணத்துக்குக் கிழக்கே ஹெரிஸ் என்ற மலைப்பக்கம் இருக்கிறது. அங்கே கிராமத்துத் தறிகளில் வளைவுக்கு வேலை இல்லை. கொடி திரும்ப வேண்டிய இடத்தில் படிபடியாக ஏறி, ஒரு கோணத்தில் முறிந்து, மறுபக்கம் இறங்கும். நடுவில் எட்டுக் கோணத்தில் பெரிய பதக்கம், கருநீலம். அதற்குள் சின்னப் பதக்கம், வெளுத்த ரோசா நிறம். நான்கு மூலையும் யானைத் தந்தத்தின் வெள்ளை. மூலைகளுக்கும் பதக்கத்துக்கும் நடுவே செங்கல் சிவப்புத் தரை. அதில் குச்சிக் குச்சியான தண்டுகளில் தலை கனத்த பூக்கள். சுற்றிலும் அகலமாய் ஒரு கரை, அதற்கு இரண்டு பக்கமும் ஒடுங்கிய கரைகள். அகலக் கரை மறுபடியும் கருநீலம்.

எட்டி நின்றால் அந்தத் தரை ஒரே சிவப்பு. விறாந்தைப் படியில் இறங்கி நின்று பார்த்தபோது அதில் குறுக்காகப் பட்டை பட்டையாக நிறம் மாறுவது தெரிந்தது. மேலே கொஞ்சம் அடர்த்தி, ஒரு சாண் கீழே மாதுளம் பழத்தோல், அதற்கும் கீழே ஆரஞ்சுப் பக்கமாய்ச் சாய்ந்த ஒரு சிவப்பு, பிறகு மறுபடி அடர்த்தி. ஒரு கொப்பரையில் சாயமேற்றிய நூல் தீர்ந்து அடுத்த கொப்பரை நூல் ஏறிய இடங்கள் அவை. கம்பள வியாபாரிகள் இதை அப்ராஷ் என்கிறார்கள். குறை என்று தள்ளுகிறவர்களும் உண்டு, இதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறவர்களும் உண்டு. எனக்கு எதிரே இருந்த மலையைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வித்தியாசமாகத் தெரியவில்லை. இந்த வருசம் கவ்வாத்து வெட்டிய மலை குச்சியாய்ப் பழுப்பு, போன வருசத்து மலை இளம்பச்சை, அதற்கும் முந்தியது இருட்டுப் பச்சை என்று அங்கேயும் பட்டை பட்டையாகத்தான் இருக்கிறது. ஒரே செடி, ஒரே மண். வெட்டின காலம்தான் வேறே.

இந்தச் சிவப்பு ஒரு வேரிலிருந்து வருவது. நம் நாட்டு வைத்தியர்கள் மஞ்சிட்டி என்று சொல்கிறார்களே, அதன் குடும்பத்துச் செடி. குறைந்தது மூன்று வருசம் நிலத்தில் கிடந்து தடித்த வேரைத் தோண்டிக் காயவைத்து இடித்து, படிகாரத்தில் ஊறிய கம்பளி நூலை அந்தத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுவார்கள். சூடு கொஞ்சம் ஏறினால் பழுப்பு தட்டும். முதல் நூல் குடித்து மீந்த தண்ணீரில் அடுத்த நூலைப் போட்டால், உள்பதக்கத்தில் இருக்கிற அந்த ரோசா நிறம் கிடைக்கும். நமக்கு இது தெரியாத வித்தை இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் மணலில் தோண்டியெடுத்த சாயவேரில் இருந்ததும் அதே இனச் சிவப்புத்தான். ஒல்லாந்தர் அந்த வேரை அரசாங்க வருமானமாகவே நடத்தினார்கள். பிறகு 1868-ல் இரண்டு ஜெர்மன் இரசாயனக்காரர்கள் வேர் இல்லாமலே அந்தச் சிவப்பைச் செய்யக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தின வருசம் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். அந்த இரசாயனச் சிவப்புக்கு அடுத்த வருசம் கோப்பி இலையில் துரு விழுந்தது. மூன்று வருசத்துக்குள் ஒரு வேருக்கும் ஒரு செடிக்கும் காலம் முடிந்து, இன்னொரு செடிக்குக் காலம் பிறந்தது.

நீலம் அவுரியிலிருந்து. தொட்டியிலிருந்து தூக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும்; காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். எத்தனை தரம் முக்குகிறார்களோ அத்தனைக்குக் கறுக்கும். தந்த வெள்ளை, ஆட்டின் சொந்த நிறம்.

பச்சையைத் தேடினேன். இந்த ஊரில் கண்ணுக்குப் பச்சையைத் தவிர வேறு தீனி இல்லாததால் தேடத் தோன்றியிருக்கலாம். பூந்தோட்டம் வரைந்திருக்கிறார்கள், அத்தனை இலை இருக்கிறது, அத்தனை தண்டு இருக்கிறது. பச்சை மட்டும் கிடைக்கவில்லை. கரையோரத்தில் சில இலைகள் பச்சையாக இருக்க வேண்டியவை என்று ஊகிக்க முடிந்தது. ஆனால் நீலமாக இருந்தன. சாயக்காரனுக்குப் பச்சை இரட்டை வேலை: நூலை மஞ்சளில் ஒரு தரம் போட்டு, அவுரியில் ஒரு தரம் போட வேண்டும். மஞ்சள், வெயிலுக்கு முதலில் தோற்கிற நிறம். வருசம் போகப் போக அது வெளிறி, நீலம் மட்டும் நிற்கும். பழைய கம்பளங்களில் நீல இலைகள் கிடப்பதற்குப் பாதிக்காரணம் இது. நிற வித்தியாசம் தெரியாமல் யாரும் அப்படி நெய்யவில்லை.

கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டார்கள். முதலில் முதுகில் அடிக்க வேண்டும். அப்போதுதான் அடிக்குள் இறங்கிய மண் புல்லில் உதிரும். பங்களா ஆட்கள் இரண்டு பேர், இன்றைக்கு மலைக்குப் போகாமல் இதற்காக இறக்கின பெண்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு ஐம்பது வயசிருக்கும், மற்றவள் சின்னவள். பங்களாவில் நின்றாலும் பேர், அதாவது நாள் சம்பளக் கணக்கு, விழும் என்று கணக்கப்பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார் போல. பெரியவள் அதை இரண்டு தரம் விசாரித்துவிட்டுத்தான் வேலையில் இறங்கினாள். அடிப்பதற்கு அவர்கள் கையில் இருந்தது மட்டக்கம்பு, செடிமேல் வைத்துக் கொழுந்தின் உயரம் பார்க்கிற அதே கம்பு.

முதுகில் அடி விழ விழ, செம்மண்ணும் சாம்பலும் புகையாய்க் கிளம்பிச் சவுக்கு மரத்துப் பக்கம் போயின. முன்பக்கத்தைவிட முதுகில் கோலம் துலக்கமாக இருந்தது. முன்பக்கத்தில் மயிர் சாய்ந்து நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து தெரியும். பின்பக்கம் ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாக, எண்ணக்கூடியதாக. இது முரட்டு நெசவு. ஒரு சதுர அங்குலத்துக்கு ஐம்பது, அறுபது முடிச்சு இருந்தால் அதிகம். லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஆர்தபில் கம்பளம் இருக்கிறதே, 1539–40-ல் நெய்தது, அதில் அதே இடத்துக்குள் முந்நூறுக்கு மேலே. அதன் நிறங்கள் பத்து. 1893-ல் வில்லியம் மோரிஸ் சிபாரிசு பண்ணி இரண்டாயிரம் பவுனுக்கு வாங்கினார்கள். ஜோடியாய் இருந்த இன்னொரு கம்பளத்தை வெட்டி இதற்கு ஒட்டுப் போட்டார்கள்; வெட்டுப்பட்டது லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது. லண்டன் கம்பளத்துக்குக் கண்ணாடி அறை, அரை மணிக்கு ஒருதரம் பத்து நிமிசம் மட்டும் விளக்கு. மிச்ச நேரம் இருட்டு. இங்கே மட்டக்கம்பு அடி.

“வெரசா பொரட்டு புள்ள. வெயிலு போயிரும்.”

நிமிர்த்திப் போட்டு, தும்புத்தடியால் மயிர் சாய்ந்த பக்கமாகவே கூட்டினார்கள். சின்னவள் எதிர்ப்பக்கமாக ஒரு தரம் இழுத்துவிட்டாள். அந்த இடம் முழுக்கச் சட்டென்று இருட்டாகிவிட்டது. பயந்துபோய்க் கையை எடுத்தாள். பெரியவள் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள், நிறம் திரும்பி வந்தது.

“என்னாக்கா இது கரையில, நண்டா?”

“நண்டுமில்ல, நட்டுவாக்காலியுமில்ல. பூவு.”

“இதுக்குக் காலு இருக்கே.”

அகலக் கரையில் மாறி மாறி வரும் அந்த உருவத்துக்கு நிசமாகவே கால்கள் இருக்கின்றன. வியாபாரிகளில் பாதிப்பேர் அதை ஆமை என்பார்கள், பாதிப்பேர் சமோவார் என்பார்கள், தேத்தண்ணிக்கு வெந்நீர் கொதிக்க வைக்கிற பாத்திரம். ஒரு பூவைப் பக்கவாட்டில் வெட்டி, அதைக் கோட்டுக்கோட்டாக முறித்து, தலைமுறை தலைமுறையாய்ப் பார்த்துப் பார்த்து நெய்ததில் வந்த உருவம் அது. எட்டி நிற்கிற வியாபாரிக்கு ஆமை, மண்டியிட்டிருக்கிற தோட்டத்துப் பெண்ணுக்கு நண்டு. இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசையில்லை.

பெரியவளின் வலது கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கறுப்பு. கழுவிப் போகிற கறுப்பில்லை. கொழுந்து கிள்ளக் கிள்ள, இலையின் துவர்ப்புச் சாறு தோலில் ஊறி, வருசக்கணக்கில் படிந்தது. வெடிப்புகளில் கோடு கோடாக இறங்கியிருந்தது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். பழைய காலத்து மை அப்படிச் செய்ததுதான். அந்த ஹெரிஸ் சாயக்காரனும் கறுப்புக்கு இதே கணக்கைத்தான் போட்டிருப்பான்: துவர்ப்புள்ள காயோ தோலோ, அதோடு கொஞ்சம் இரும்பு. அப்படி வந்த கறுப்பு நல்ல கறுப்பு; ஆனால் இரும்பு நூலை அரிக்கும். நூறு வருசத்தில் மற்ற நிறங்கள் எல்லாம் நிற்க, கறுப்பு நூல் மட்டும் உளுத்து உதிர்ந்து அடியோடு அடியாய் இறங்கிவிடும்.

அவள் விரல் அதைத்தான் கண்டுபிடித்தது. ஒரு பூவின் ஓரமாக நுனிவிரலை வைத்து, அதன் கறுப்புக் கோட்டிலேயே மெதுவாக நடத்திக்கொண்டு போனாள். இலையைச் சுற்றி, தண்டு வழியே இறங்கி, அடுத்த பூவுக்கு.

“இந்தக் கறுப்பு மட்டும் பள்ளமா இருக்கு புள்ள. வாய்க்கா வெட்டுன மாதிரி.”

சின்னவளும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். கோலத்தைக் கண்ணில்லாமலே படிக்க முடிந்தது. நெய்தவன் நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு செதுக்கு வேலை. இரும்பு செய்து கொடுத்தது.

பெரியவள் இன்னொன்றும் சொன்னாள். அவளுடைய பாட்டிக்குத் தோட்டத்தில் கொடுத்த கம்பளி ஒன்று வீட்டில் ரொம்ப நாள் கிடந்ததாம். இதைவிடப் பாரமாம். இந்தியாவிலிருந்து வந்த அந்தக் கம்பளிகளைப் பற்றிக் கேட்காத மலையகத்து வீடு குறைவு. கறுப்பு ஆட்டு மயிர், சாயமே இல்லை, கோலமே இல்லை. மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். இராத்திரி அதையே போர்த்திக்கொள்வார்கள். சும்மா கொடுத்ததில்லை, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் சீட்டு வந்துவிட்டது. தேடினால் ஒரு கம்பளியை நூதனசாலையில் பார்க்கலாம்.

பதினொரு மணி வாக்கில் கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது. பங்களாவில் பழைய சாமான் சிலதைக் கழிக்கப் போகிறார்களாம். விலை பார்க்க ஒருத்தர் வந்திருந்தார். நரைத்த தாடி, மடிப்புக் கலையாத சட்டை. மெனேஜர் அவரை நேரே புல்லுக்குக் கூட்டிவந்தார். பெண்கள் எழுந்து ஒதுங்கி நின்றார்கள்.

அவர் கோலத்தைப் பார்க்கவே இல்லை. அதை ஒரு நல்ல வியாபாரிக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். குனிந்து மூலையைப் புரட்டி முதுகைப் பார்த்தார். நிமிர்த்தி, இரண்டு கட்டைவிரலாலும் மயிரைப் பிளந்து வேரைப் பார்த்தார். நுனி வெளிறி அடி பளபளத்தால் மலிவுச் சாயம் என்று கணக்கு. தலைப்புக் குஞ்சத்தை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். பருத்தி நூல், வெள்ளையாய் இருந்திருக்க வேண்டியது, ஒரே பழுப்பு. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, ஒரு சிரட்டைத் தண்ணீர் கேட்டு வாங்கி நனைத்து, சிவப்பில் தேய்த்தார். சாயம் வரவில்லை. தந்த வெள்ளை மூலையில் தேய்த்தார். லேசாகப் பழுப்பு ஏறியது. கைக்குட்டையை மெனேஜருக்குக் காட்டினார்.

“டீ வோஷ் பண்ணிருக்காங்க மெனேஜர். புதுசு மாதிரி பளிச்சுன்னு இருந்தா வெளிநாட்டு ஆக்கள் எடுக்க மாட்டாங்க. தேத்தண்ணியில அலசிப் பழசாக் காட்டுவாங்க. குஞ்சத்தப் பாருங்களே, அதும் டீ.”

“அப்ப இது பழசு இல்லையா?”

“நீங்க சொல்ற அளவுக்கு இல்ல.”

இப்படி ஒரு தந்திரம் இருப்பது உண்மை. தேயிலைத் துவர்ப்பு கம்பளியை நன்றாகப் பிடிக்கும். வெள்ளையை மங்க வைக்கும், கத்துகிற சிவப்பை அடக்கும். இந்த வியாபாரத்தில் வெள்ளைக்காரன் ருசிக்கு நிறத்தை அடக்குவது புதிதும் அல்ல. மான்செஸ்டர் கம்பெனியான சீக்லர் 1883-ல் ஈரானில் சுல்தானாபாத்தில் போய் உட்கார்ந்ததே அதற்குத்தான்: பூவைப் பெரிதாக்கு, சிவப்பை மெலிதாக்கு, இங்கிலீஸ்காரன் ஹோலில் விரித்தால் சோபாவோடு சண்டை போடக் கூடாது. அதே காலத்தில்தான் இந்த மலைகளில் காடு தேயிலையாக மாறிக்கொண்டிருந்தது. 1885-ல் நானுஓயா வரைக்கும் ரயில் வந்தது. ரயில் ஏறி வந்த சாமான்களில் பியானோவும் கண்ணாடிச் சாமானும் கம்பளமும் இருந்தன. துரைகள் ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் கொண்டுபோகவில்லை. 1975-ல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992-ல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கரண்டி, முட்கரண்டிவரை இன்வென்ட்ரி எழுதினார்கள். அப்படிப்பட்ட பட்டியல்களில் இது ‘தரைவிரிப்பு பெரியது ஒன்று’ என்றுதான் போயிருக்கும்.

வியாபாரி பேச்சோடு பேச்சாக ஈரானைப் பற்றியும் சொன்னார். எண்ணெய்க் கடன் 25 கோடி டொலருக்குப் பதிலாகத் தேயிலை அனுப்ப ஒப்பந்தம் போட்டார்களே, அதைச் சொல்லிச் சிரித்தார். 2021 டிசம்பரில் கையெழுத்தானது. மாதம் ஐம்பது லட்சம் டொலருக்குத் தேயிலை என்று கணக்கு. மெனேஜரும் சிரித்தார். அவர்களைச் சுற்றியிருந்த இலைக்கு அதில் பங்கு கொஞ்சந்தான். ஈரான்காரர் கேட்பது கறுத்து நீண்ட இலை. அது பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துக் கீழ்நாட்டுச் சரக்கு. முன்னே கோப்பி குடித்தவர்கள்தான் அவர்களும். 1900 வாக்கில் காஷெஃப் அல்-சல்தானே என்ற தூதரக அதிகாரி இந்தியாவிலிருந்து நாற்றுக் கொண்டுபோய் லாஹிஜானில் நட்டதிலிருந்து ஈரானிலும் தேயிலை மலை உண்டு. உள்ளூர் விளைச்சல் காணாமல்தான் வெளியே வாங்குகிறார்கள்.

விலை ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மெனேஜர் முகம் இறங்கியது தெரிந்தது. இருவரும் சாப்பாட்டு மேசைகளைப் பார்க்க உள்ளே போனார்கள்.

குசினிப் படியில் ஒரு கிழவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். முன்னே இந்தப் பங்களாவில் அப்புவாக இருந்தவர். வேலை விட்டும் லயத்திலிருந்து பகல் பொழுதுக்கு இங்கேதான் வருவாராம். கண்ணில் புரை. நடந்ததை எல்லாம் காதால் கேட்டிருந்தார்.

“என்னா சொல்றாரு அவரு, டீயிங்கிறாரா?”

“ஆமா தாத்தா. டீயில முக்கிட்டாங்களாம், பழசாக் காட்ட” என்றாள் பெரியவள்.

“முக்குனது யாரு, நாந்தே.” கிழவர் சிரித்தார். பல் ஒன்றுதான் இருந்தது. “தொரசாணி காலத்துல சனிக்கெழமைக்குச் சனிக்கெழம. வாரம் பூரா தேத்தண்ணிச் சக்கைய வாளியில சேக்கணும். ஈரத்தோட இது மேல தூவி, கூட்டி அள்ளணும். தூசி பறக்காது. மணமாவும் இருக்கும். எனக்கு முந்தி இருந்த அப்புவும் அப்படித்தே செஞ்சாரு.”

இதுவும் உண்மை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வேலைக்காரிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று. 1861-ல் வந்த மிசிஸ் பீட்டனின் வீட்டு நிர்வாகப் புத்தகத்திலும் கம்பளத்துக்குத் தேயிலைச் சக்கை தூவுவது இருக்கிறது. இலை விலை கூடிய லண்டனிலேயே தூவினார்கள் என்றால், இலைக்கு நடுவில் குடியிருந்த தொரசாணி கை அடங்கியா இருந்திருக்கும்? வருசத்துக்கு ஐம்பது சனிக்கிழமை. எத்தனை அப்புமார், எத்தனை வாளி. ஒரு தரத்தில் பழுப்பு பிடிக்காது. இத்தனை தரத்தில் பிடிக்காமல் இருக்காது.

அப்போதுதான் கம்பளத்தின் வடகிழக்கு மூலையைக் கவனித்தேன். மற்ற மூன்று மூலைகளும் தேன் கலந்த பழுப்பு. அந்த ஒரு மூலையில் மட்டும், இரண்டடிக்கு ஒன்றரையடி, கோடு போட்டு வெட்டினாற்போல ஒரு கட்டம் வெள்ளைவெளேரென்று இருந்தது. பூவின் பாதி வெள்ளைக்குள், பாதி பழுப்புக்குள். வெள்ளைக்குள் இருந்த இலை பச்சை. கம்பளம் முழுக்கத் தேடிக் கிடைக்காத அந்தப் பச்சை, கிளிப்பச்சைக்கு ஒருபடி கீழே, அங்கே மட்டும் நாலு இலையில் இருந்தது. கனமான அலுமாரியோ பெட்டியோ வருசக்கணக்கில் நின்ற இடமாக இருக்க வேண்டும். தறியிலிருந்து இறங்கியபின் தேத்தண்ணியில் அலசியிருந்தால் அந்தக் கட்டமும் பழுத்திருக்கும். தூவின சக்கை அலுமாரிக்கு அடியில் போகவில்லை. வெயிலும் போகவில்லை, கணப்பின் புகையும் போகவில்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் மற்ற இடத்தின் நிறம்.

வியாபாரி புரட்டிப் பார்த்தது எதிர் மூலை. கெட்டிக்காரர்தான், தந்திரம் எல்லாம் தெரிந்தவர். அதனால் தந்திரம்தான் கண்ணில் பட்டது. ஒரு வீட்டில் வாராவாரம் நடந்த கூட்டல் பெருக்கலும் நிறம் ஏற்றும் என்பது கடையில் உட்கார்ந்தவருக்குத் தோன்றுகிற காரியமில்லை. கிழவரைக் கேட்டிருந்தால் அரை நிமிசத்தில் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. விலை பேசுகிற பேச்சில் எனக்கும் இடமில்லை, நான் பேசவில்லை.

சின்னவள்தான் கேட்டாள்: “ஏன் தாத்தா, சக்கைய அலசிட்டுத் தூவக் கூடாதா? கறை புடிக்குமே.”

“அலசித்தே தூவணும். மூணு தண்ணி ஊத்தி அலசணும்னு தொரசாணி சொல்லுவாங்க. பீலியில தண்ணி எடுத்துட்டு மேல ஏறி வரணும் அப்ப. எங்குட்டு அலசுறது?”

பெரியவள் சிரித்துச் சிரித்து அந்தக் கறுத்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு முன்னாலேயே சிவனொளிபாத மலைப் பக்கம் மேகம் கட்டியது. சுருட்டினார்கள். வரும்போது நாலு பேர் தூக்கியது, போகும்போது என்னவோ ஐந்து பேர் தேவைப்பட்டது. குசினியிலிருந்து ஒரு பொடியனைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். உள்ளே ஹோலில், சுவரில் ஒரு தும்பறைப் பாய் தொங்கியது. கண்டிப் பக்கத்துக் கைவேலை, 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சிவப்பு, கறுப்பு, மஞ்சள், மூன்றே நிறத்தில் யானையும் பறவையும். அதன்கீழ் இந்தச் சிவப்பை விரித்தபோது அந்தச் சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிந்தது. பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நிறங்கள் நடந்துகொள்கின்றன.

விரித்து முடித்து, சோபாவை இழுத்து, டீப்பாயை நடுவில் வைத்தார்கள். மெனேஜர் வந்து நின்று பார்த்தார். கணப்படுப்பிலிருந்து எப்போதோ தெறித்த நெருப்பில் பொசுங்கின ஒரு ஓட்டை, ஐந்து ரூபாய்க் குத்தி அளவு, இத்தனை நாளும் சோபாவின் காலுக்கு அடியில் இருந்தது. இப்போது கம்பளம் தலைமாறிப் போய், அது வாசலுக்கு நேரே வந்திருந்தது. வெள்ளைக் கட்டம் கணப்புக்குப் பக்கத்தில்.

“ஓட்ட தெரியுதே” என்றார் மெனேஜர். “நாளைக்கு கெஸ்ட் வர்றாங்க.”

“அப்ப திருப்பணும்க” என்றாள் பெரியவள். சோபாவின் ஒரு பக்கத்தை அவளே தூக்கினாள். “புள்ள, அங்கிட்டுப் புடி. தாத்தாவக் கேளு, முந்தி எந்தப் பக்கம் தல இருந்துச்சுன்னு.”